ஜெய்தூன் பீவியின் போன் நம்பர்

அன்னாள் நர்சம்மாவுக்குக் கோபம் வந்தால் ஊசியே வேண்டாம், வாயாலேயே குத்திவிடுவாள் என்று பேகம்பூரில் என்னைப் பற்றிச் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். பதினெட்டு வருடமாக இந்த வார்டுப் பெண்களுக்கு ரத்த அழுத்தம் பார்த்துப் பார்த்து எனக்கு ஏறியதுதான் மிச்சம். ஆனால் நான் சொல்லப் போகும் இந்த விஷயத்தில் திட்டு வாங்க வேண்டியவள் நான்தான். அதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன்.

போன வருடம் எங்கள் நகர்ப்புற சுகாதார நிலையத்துக்கு ஒரு புதுப் பரிசோதனை வந்தது. கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் வருவதற்குப் பல வருடம் முன்பே, அதற்குக் காரணமான வைரஸ் உடம்பில் தங்கியிருக்கிறதா என்று கண்டுபிடித்துவிடலாம். டாக்டர் முன்னால் போய்ப் படுக்க வேண்டியதில்லை. முப்பது வயது தாண்டிய பெண் தானே குளியலறைக்குள் போய், விரல் நீளப் பிரஷ் ஒன்றை உள்ளே விட்டுச் சுற்றி எடுத்து, ஒரு குப்பியில் போட்டு மூடிக் கொடுத்தால் போதும். இரண்டு நிமிட வேலை. இந்த இரண்டு நிமிட வேலைக்கு நான் நாற்பது வீட்டு வாசல் ஏறி இறங்கினேன். ஒருத்தி அடுப்பில் உலை கொதிக்கிறது என்றாள். ஒருத்தி தொழுகை நேரம் என்றாள். ஒருத்தி கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டே வீட்டில் யாரும் இல்லை என்றாள்! கல்லில்கூட நார் உரித்துவிடலாம் போல இருந்தது.

கடைசியில் ஜெய்தூன் பீவி வீட்டில் போய் உட்கார்ந்தேன். ஐம்பத்தொரு வயது. கணவர் மவுத்தாகிப் பதினான்கு வருடம் ஆகிறது, பிள்ளை இல்லை. ஜெய்தூன் அக்காவின் அண்ணன் கிதர் முகம்மது பிரியாணிக் கடை வைத்திருக்கிறார். கடைக்கு வேண்டிய சின்ன வெங்காயமும் பூண்டும் மூட்டை மூட்டையாக இந்த வீட்டு முற்றத்துக்கு வரும். தகரக் கூரைக்குக் கீழே இருபது பெண்கள் வட்டமாக உட்கார்ந்து உரிப்பார்கள். ஜெய்தூன் அக்காவுக்கு இன்னொரு வேலையும் உண்டு. தெருவில் எந்தப் பெண் இறந்தாலும் மய்யித்தைக் குளிப்பாட்ட அவரைத்தான் கூப்பிடுவார்கள். கூலி கிடையாது, வாங்கவும் மாட்டார். அதனால் அவர் ஒரு வார்த்தை சொன்னால் பேகம்பூரில் எந்தப் பெண்ணும் மறுவார்த்தை பேசுவதில்லை.

"ஒருத்தியும் வரமாட்டேங்குறாக்கா. நான் என்ன இவளுகள கிட்னியக் கழட்டிக் குடுன்னா கேக்குறேன்?" என்று புலம்பினேன்.

அவர் கத்தியைக் கீழே வைத்தார். கையை நன்றாகக் கழுவிக்கொண்டார். "அந்தக் குச்சிய இங்கிட்டு குடு நர்சம்மா" என்று வாங்கிக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வந்து குப்பியை என் பெட்டியில் வைத்துவிட்டு, வட்டமாக உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார்.

"கொசுக் கடி அளவுகூட இல்ல. எந்திரிங்கடி ஒவ்வொருத்தியா."

அவ்வளவுதான். அன்றைக்கு இருபத்தொரு பேர் கொடுத்தார்கள்.

என் தப்பு நடந்தது அப்போதுதான். பெயர், வயது, முகவரி, போன் நம்பர் என்று வரிசையாக எழுதிக்கொண்டு வந்தேன். ஹுஸ்னா என்று ஒரு பெண், முப்பத்து மூன்று வயது, மடியில் அவளுடைய சொந்தப் போன் கிடக்கிறது. நம்பர் கேட்டால் கணவனுடைய நம்பரைச் சொல்கிறாள். அவள் மட்டுமல்ல, எல்லோருமே அப்படித்தான். ரேஷன் கடையோ, கேஸ் கம்பெனியோ, பள்ளிக்கூடமோ, வெளியாள் நம்பர் கேட்டால் வீட்டு ஆம்பிளை நம்பரைத்தான் கொடுக்க வேண்டும் என்பது இங்கே எழுதாத சட்டம். எனக்கு அது தெரியும். தெரிந்தும் யோசிக்காமல் எழுதினேன். ஜெய்தூன் அக்கா ஒருத்தர்தான் தன் நம்பரைச் சொன்னார். "எனக்கு எவன் நம்பரக் குடுக்குறது? எழுது என்னோடதையே" என்று சிரித்தார்.

பன்னிரண்டாம் நாள் முடிவு வந்தது. இருபது பேருக்கு ஒன்றுமில்லை. ஹுஸ்னாவுக்கு மட்டும் வைரஸ் இருந்தது, அதுவும் பதினாறாம் நம்பர் வகை. அந்த வைரஸ் குடும்பத்திலேயே பொல்லாதது அதுதான். நான் பட்டியலைப் பார்ப்பதற்கு முன்பே பரிசோதனைக் கூடத்திலிருந்து நேராக எல்லோருடைய போனுக்கும் மெசேஜ் போய்விட்டது. ஹுஸ்னாவின் முடிவு அவளுக்குப் போகவில்லை. அவள் கணவன் ஃபயாஸுக்குப் போனது.

ஃபயாஸ் கிதர் முகம்மது கடைக்கு ஆடு பிடித்துக் கொடுப்பவன். அன்றைக்கு வியாழக்கிழமை, அய்யலூர் சந்தையில் ஆட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்றவனுக்கு இங்கிலீஷில் மெசேஜ் வருகிறது. போனிலேயே அர்த்தம் தேடியிருக்கிறான். 'உடலுறவு மூலம் பரவும் வைரஸ்' என்று முதல் வரியில் போட்டிருந்ததாம். இரண்டாவது வரியைப் படிக்கவில்லை அந்த மகராசன்! பிடித்த ஆட்டை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தான். "எவன்கிட்டருந்துடி வாங்கிட்டு வந்த?" என்று கேட்டான். ஒன்பது வயது மகள் இஃப்பத்தைத் தன்னோடு நிறுத்திக்கொண்டு, ஹுஸ்னாவை மட்டும் ஒரு பையோடு பழனி பஸ்ஸில் ஏற்றி கீரனூருக்கு, அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டான். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிவதற்குள் அவன் அம்மா புண்ணியத்தில் தெருவுக்கே தெரிந்துவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

சனிக்கிழமை ஒன்றும் தெரியாமல் நான் அந்த வீட்டுக் கதவைத் தட்டினேன். "அவ இங்க இல்ல. இனி வரவும் மாட்டா. நீ குடுத்த குச்சியே போதும் தாயி" என்று சொல்லி மாமியார்க்காரி கதவைச் சாத்திவிட்டாள். வாங்கிக்கொண்டேன்.

ஹுஸ்னாவின் நம்பரைத் தேடிப் பிடித்து கீரனூருக்குப் பேசினேன். கருவி வைத்துப் பார்க்கும் பெண் டாக்டர் மாதத்துக்கு ஒரு நாள்தான் எங்களுக்குப் பார்ப்பார், வரும் புதன்கிழமை அந்த நாள், கட்டாயம் வந்துவிடு என்றேன்.

"நான் வரலைங்க நர்சம்மா" என்றாள். குரல் அழுது அழுது அடைத்துப் போயிருந்தது. "எனக்கு அவரத் தவுத்து வேற ஆளத் தெரியாதுங்க. இப்ப நான் ஆசுபத்திரிக்கு வந்தா, செஞ்ச தப்ப நானே ஒத்துக்கிட்டாப்புல ஆயிருமுங்க. எனக்கு ஒண்ணும் இல்லைன்னே இருந்துக்கிறேன். விடுங்க."

இதுதான் என்னைக் கொன்றது. கணவன் துரத்தியதைக்கூடப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இவள் தன் மானத்தைக் காப்பாற்றுவதற்காக வைத்தியத்துக்கே வரமாட்டேன் என்கிறாள். இப்போது பார்த்தால் ஒரு மணி நேரத்தில் முடிகிற காரியம். இப்படிப் பிடிவாதமாக இருந்துவிட்டவர்களை ஐந்து வருடம், எட்டு வருடம் கழித்து நான் பார்த்திருக்கிறேன். ரத்தப்போக்கு என்று வருவார்கள். அப்போது எங்களால் செய்ய முடிந்தது கொஞ்சம்தான். என் ஒரு கிறுக்கலால் ஒருத்தி உயிர் போய்விடுமோ என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை ஜெய்தூன் அக்கா முற்றத்துக்குப் போனேன். பெண்கள் எல்லோரும் உரித்துக்கொண்டிருந்தார்கள், யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, நடந்தது என் தப்பு என்று மெதுவாகச் சொன்னேன். அவர் ஆறுதலும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை.

"புருசன் இல்லாதவளுக்கும் இது வருமா?" என்று மட்டும் கேட்டார்.

"வரும்க்கா. என்னைக்கோ ஒட்டுனது உள்ள ஒளிஞ்சு கெடக்கும். பத்து வருசம், இருவது வருசம் கழிச்சுக்கூடத் தலையக் காட்டும்."

"பதினாலு வருசம் ஆனவளுக்கு?"

"ஆமாங்கிறேன். யாருகிட்டருந்து வந்துச்சு, என்னைக்கு வந்துச்சுன்னு எந்த டெஸ்டும் சொல்லாது."

"ம்" என்றார். இன்னும் இரண்டு வெங்காயம் உரித்தார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் லோடு ஆட்டோ வந்து நின்றது. ஃபயாஸ் வெங்காய மூட்டையைத் தோளில் தூக்கி வந்து முற்றத்தில் போட்டான். தாடி வழிக்கவில்லை, கண் உள்ளே போயிருந்தது. யாரையும் பார்க்காமல் திரும்பினான்.

"ஃபயாசு, செத்த நேரம் நில்லு" என்றார் ஜெய்தூன் அக்கா.

நின்றான்.

"உன் பொஞ்சாதிக்கு வந்ததுன்னு ஒரு மெசேஜ் காட்டுனியாமே. அதே மெசேஜ் எனக்கும் வந்திருக்கு."

இருபது கத்தியும் ஒரே நேரத்தில் நின்றன. பட்டியல் என் பையில் இருக்கிறது. ஜெய்தூன் பீவி பெயருக்கு நேராக என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

"உங்களுக்கா மாமி?" என்றான் ஃபயாஸ்.

"எனக்குத்தான். எங்க வீட்டுக்காரரு மவுத்தாகிப் பதினாலு வருசம். மய்யித்தத் தூக்குனவுகள்ல உங்க அத்தாவும் ஒருத்தரு. அதுக்கப்புறம் இந்த வாசலுக்குள்ள வந்த ஆம்பள எங்க அண்ணனும் மூட்ட தூக்குற நீயும்தான். இப்பக் கேளு. அவகிட்டக் கேட்டியே, எவன்கிட்டருந்து வாங்குனன்னு, அத என்கிட்டயும் கேளு. இம்புட்டுப் பேரும் கேக்கட்டும்."

ஒரு மூலையிலிருந்து "யா அல்லாஹ்" என்று யாரோ மெல்லச் சொன்னார்கள். ஃபயாஸ் என் பக்கம் திரும்பினான்.

"நர்சம்மா, இது நெசமா? அம்புட்டு வருசம் கழிச்சு வருமா?"

ஜெய்தூன் அக்காவுக்கு என்ன முடிவு என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் சொல்லக் கூடாது. எனக்குத் தெரிந்த உண்மையைச் சொன்னேன். "வரும். கல்யாணமான பொம்பளைகள்ல முக்காவாசிப் பேருக்கு என்னைக்காச்சும் ஒரு நாள் வந்து, தானாப் போயிரும். சில பேருக்குத்தான் போகாமத் தங்கும். ஆம்பளைக்கும் இருக்கும், ஒண்ணும் தெரியாது. உன்கிட்டருந்தே வந்திருக்கலாம், உனக்கு நிக்காஹ் ஆகுறதுக்கு முந்தி ஒட்டுனதாக்கூட இருக்கலாம். அவ ஒழுக்கத்தைப் பத்தி இந்த மெசேஜுல ஒரு எழுத்துகூடக் கெடையாது. படிக்கத் தெரிஞ்சவன் ரெண்டாவது வரியையும் படிச்சிருக்கணும்!"

கடைசி வாக்கியம் அவசியமில்லை. கோபத்தில் வந்துவிட்டது. அவன் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனான்.

மதியம் எல்லோரும் போகும் வரை காத்திருந்தேன். "அக்கா, உங்களுக்கு ஒண்ணும் இல்ல. நெகட்டிவ்" என்றேன்.

"தெரியும். என் போனுக்குத்தான வந்துச்சு."

"பெறகு ஏன்க்கா இப்படி? நாளைக்கு உங்கள என்னல்லாம் பேசுவாக தெரியுமா? கட்டுனவன் இருக்குற ஹுஸ்னாவையே இந்தப் பேச்சுப் பேசுனவுக, உங்கள விட்டு வைப்பாகளா?"

அவர் தரையில் சிதறிக் கிடந்த வெங்காயச் சருகைக் கூட்டிக்கொண்டே பேசினார். "இந்த நோய்ல போனவுக மூணு பேர நான் குளிப்பாட்டியிருக்கேன். பேரு கேக்காத. வீட்டுல வயித்துக் கட்டின்னு சொன்னாக. எனக்குத் தெரியும் என்னன்னு. பஞ்ச வெச்சா நனையுது, எடுத்துட்டு வேற வெச்சா அதுவும் நனையுது. உசுரு போன பெறகும் நிக்கல நர்சம்மா. சுத்துற கபன் துணியில கறை படக் கூடாதுன்னு நான் பட்ட பாடு. இதத் தெருவக் கூட்டிச் சொன்னா நாளைக்கே எல்லாரும் வந்திருவாக. ஆனாக்க குளிப்பாட்டுனவ, பாத்தத வெளிய சொல்லக் கூடாது. அது மய்யித்தோட மானம். எனக்குச் சொல்ல உரிமையுள்ள உடம்பு என்னோடது ஒண்ணுதான். அதான் அதுமேல போட்டுச் சொன்னேன்."

"பொய்யாச்சேக்கா."

"புருசன் பொஞ்சாதியச் சேத்து வைக்கச் சொல்றது பொய்யில சேராதுன்னு பள்ளிவாசல் பயான்ல கேட்டிருக்கேன். அப்படியே சேந்தாலும் பதில் சொல்ல வேண்டியவ நான்தான்." துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். "ஹுஸ்னாவ நான் குளிப்பாட்ட மாட்டேன். அவதான் என்னக் குளிப்பாட்டணும்."

எத்தனையோ பெரிய டாக்டர்களோடு வேலை பார்த்திருக்கிறேன். கையெடுத்துக் கும்பிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அந்த முற்றத்தில்தான்.

மறுநாள் அவரே பஸ் ஏறி கீரனூருக்குப் போனார். அங்கே போய் உனக்கு வைத்தியம் பார்க்கணும், வா என்று சொல்லியிருந்தால் ஹுஸ்னா அசைந்திருக்க மாட்டாள். இவர் சொன்னது வேறு. "எனக்கும் வந்திருக்கும்மா. நாளைக்கு டாக்டரப் பாக்கணுமாம். தனியாப் போக பயமா இருக்கு, தொணைக்கு வாரியா?" அந்தப் பெண் உடனே துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். தப்பை ஒத்துக்கொள்ளத்தான் அவளால் முடியாது, மாமிக்குத் துணையாக வர முடியும்.

புதன்கிழமை காலையில் ஆஸ்பத்திரி பெஞ்சில் இரண்டு பேரும் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். போகிற வருகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஹுஸ்னா கூனிக் குறுகினாள். "நிமுந்து உக்காரு" என்று அவள் முதுகில் ஒன்று வைத்தார் ஜெய்தூன் அக்கா. "ஒத்தையா ஒருத்தி நின்னா வேடிக்கை பாப்பாக. ரெண்டு பேரு நின்னா அதுக்குப் பேரு வரிசை."

டாக்டரின் பட்டியலில் எங்கள் வார்டிலிருந்து ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. கூப்பிட்டபோது இருவரும் எழுந்து உள்ளே போனார்கள். துணைக்கு வந்தவர் யார், நோயாளி யார் என்று ஹுஸ்னாவுக்கு அப்போதுதான் புரிந்தது. அதற்குள் ஜெய்தூன் அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். கர்ப்பப்பை வாயில் அரைக் கட்டைவிரல் அகலத்துக்கு வெள்ளையாக ஒரு திட்டு இருந்தது. புற்றுநோய் இல்லை, விட்டிருந்தால் ஒரு நாள் அதுவாக மாறியிருக்கக் கூடியது. மாதிரி எடுத்துக்கொண்டு, சூடான கருவியால் அந்த இடத்தைச் சில நிமிடங்கள் தொட்டுக் கருக்கினார்கள். ஒரு வருடம் கழித்து வரச் சொன்னார்கள். முழுசாக ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

வெளியே வந்தால், கேட் பக்கம் ஃபயாஸ் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறான். இஃப்பத் ஓடி வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். இவன் பக்கத்தில் வந்தான். மன்னிப்புக் கேட்கப் போகிறான் என்று பார்த்தால், "சாப்டியா?" என்கிறான்!

"வாயத் தொறந்து தப்புன்னு சொன்னா முத்தா உதுந்துரும்?" என்று நான் ஆரம்பித்தேன். ஜெய்தூன் அக்கா என் கையைக் கிள்ளினார். ஹுஸ்னா அவனை நிமிர்ந்து பார்த்தாள். "சாப்டேங்க. ஆனா உங்க கூட இப்ப வாரதா இல்லைங்க. எங்க அம்மா வீட்டுக்கு நீங்களே வந்து, போன வியாழக்கெழம கேட்டது தப்புன்னு எங்க அம்மா முன்னாடி சொல்லிட்டுக் கூட்டிட்டு வாங்க." அவன் போனான், சொன்னான், கூட்டிக்கொண்டு வந்தான். அதற்கு ஒன்பது நாள் ஆயிற்று. ஒரு கை பார்த்துவிட்டாள் பெண்.

ஆனால் ஜெய்தூன் அக்காவுக்கு நான் பயந்தபடியே நடந்தது. "பதினாலு வருசமா வெள்ளப் புடவைக்குள்ள என்னத்த வெச்சிருந்தாளோ" என்று குழாயடியில் ஒருத்தி சொன்னதை என் காதாலேயே கேட்டேன். சண்டை போட்டுவிட்டுத்தான் வந்தேன். அண்ணன் கிதர் முகம்மது வெங்காயத்தை வேறு இடத்துக்கு அனுப்பினார். அங்கே பாதித் தோலோடு அரைகுறையாக உரித்துக் கொடுத்ததால் பத்து நாளில் மூட்டை திரும்பி வந்தது, அவர் வரவில்லை. இன்றுவரை தங்கை வீட்டு வாசலில் அவர் செருப்பைக் கழற்றவில்லை. இதையெல்லாம் அக்கா தாங்கிக்கொண்டார். பின் தெருவில் ஒரு பெண் இறந்தபோது, மய்யித்தைக் குளிப்பாட்ட வேறு ஊரிலிருந்து ஆள் கூட்டி வந்தார்கள். அன்றைக்கு மட்டும் அவர் அழுததைப் பார்த்தேன்.

"உண்மையச் சொல்லிரட்டுமாக்கா?" என்றேன்.

"சொன்னா ஹுஸ்னா மறுபடி ஒத்தையா நிப்பா" என்றார்.

நான்கு மாதம் கழித்துப் புதுக் குப்பிகள் வந்தன. இந்தத் தடவை முற்றத்துக்கு இருபத்தாறு புது ஆட்கள் வந்திருந்தார்கள், யாரையும் நான் கூப்பிடவில்லை. ஆரம்பிப்பதற்கு முன்பே சத்தம் போட்டுச் சொன்னேன். "புருசன் நம்பர், மகன் நம்பர் எவளாச்சும் சொன்னீகன்னா நான் மனுசியா இருக்க மாட்டேன். முடிவு யாருக்குத் தெரியணும்னு நீங்க நெனைக்கிறீகளோ அந்த நம்பர் மட்டும்."

முதல் பெண் ஒரு நம்பர் சொன்னாள். எழுதினேன். இரண்டாவது பெண்ணும் அதையே சொன்னாள். ஒரே வீடாக இருக்கும் என்று நினைத்தேன். மூன்றாவது பெண் ஆரம்பித்ததும் பேனாவை வைத்துவிட்டேன். "ஏண்டி, என்னப் பாத்தா எப்படி இருக்கு? கிண்டலா?" பிறகுதான் அந்தப் பத்து எண்களும் யாருடையவை என்று உறைத்தது. திரும்பிப் பார்த்தேன். ஜெய்தூன் அக்கா கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு, உரிக்காமல், வாய் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். அவருக்கும் தெரியவில்லை.

நான்காவதாக வந்து உட்கார்ந்தது ஹுஸ்னாவின் மாமியார். என் முகத்தில் கதவைச் சாத்தியவள், தெருவெல்லாம் சொல்லித் திரிந்தவள். அவளும் அதே நம்பரைச் சொன்னாள். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏன், உங்க மகன் நம்பர் என்னாச்சு?"

அவள் என்னைப் பார்க்கவில்லை, ஜெய்தூன் அக்காவைப் பார்த்துப் பேசினாள். "அவன்கிட்ட எதுக்குத் தாயி? இவுககிட்டயே வரட்டும். எனக்கு ஏதாச்சும் வந்தாக்க, அது தனக்கு வந்ததுன்னு சொல்லிருவாக. என் மருமகளுக்குச் செஞ்சாகள்ல."

அப்படியானால் ஹுஸ்னா சொல்லி எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எத்தனை நாளாகத் தெரியும் என்று நான் கேட்கவில்லை. ஜெய்தூன் அக்கா முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. முற்றம் நிறைய வெங்காயம் இருந்தது, ஆனாலும் அதன்மேல் நான் பழி போட மாட்டேன். நானும்தான் அழுதேன்.

கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எம்புட்டு வந்தாலும் எனக்கு வந்ததாவே இருக்கட்டும். எழுது நர்சம்மா" என்றார்.

இருபத்தாறு பேருக்கும் அதே நம்பரை எழுதினேன்.